முதலாம் ஆண்டிலேயே மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: முதலாம் ஆண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலை முதலாம் ஆண்டு, முதல் செமஸ்டரில் படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தேர்தலுக்கான அறிவிப்பு வெளிவந்திருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கெனத் தனியாக ஒரு பிரதிநிதி இடம் உண்டு. அதைத் தவிர, இணைச் செயலர் பதவிக்கு எந்த ஆண்டு மாணவரும் போட்டியிடலாம் என்றும் அறிவிப்பில் இருக்கிறது. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றுக்கு வேட்புமனு தாக்கல் செய்யலாமா என்று யோசித்து வருகிறேன்.

நாங்கள் சேர்ந்த புதிதில், விருப்பப் பாடங்களைப் பதிவு செய்வதற்கான சுற்றறிக்கை பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு மட்டுமே அனுப்பப்பட்டது. எங்களில் பலருக்கு அந்த மின்னஞ்சல் கணக்கே அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த படத்தைப் பார்த்தவர்கள் நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள். மற்றவர்கள் மீதமிருந்த பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு இப்படி நேராமல் இருக்க, முடிவெடுக்கும் இடத்தில் ஒருவர் அமர்ந்து இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால், "முதலில் ஓராண்டு இருந்து பார், பிறகு நிற்கலாம்" என்று மூத்த மாணவர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? என்னை அறிந்தவர்கள் என் வகுப்பைத் தாண்டி அதிகம் இல்லாத நிலையில், எதை முன்வைத்து வாக்குக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: முன்னாள் பேரவைச் செயலர்

தங்கைக்கு வணக்கம். முதலாம் ஆண்டுப் பிரதிநிதி இடத்துக்குத் தயங்காமல் நில்லுங்கள். இணைச் செயலர் பதவி இந்த ஆண்டு வேண்டாம்.

ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்பவர்களின் வாதம் நிர்வாகிகளின் பதவிகளுக்குப் பொருந்தும். கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, ஒரு தீர்மானம் எந்த அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கிறது என்று தேடிப் பிடிப்பது ஆகியவைதான் இணைச் செயலரின் அன்றாட வேலை. பல்கலைக்கழகத்தின் நடைமுறைகள் பழகாத ஒருவர் அந்த வேலையை ஏற்றால் முதல் பாதி ஆண்டு கற்றுக்கொள்வதிலேயே கழிந்துவிடும். ஆனால் முதலாம் ஆண்டுப் பிரதிநிதி இடத்துக்கு அதே வாதத்தைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிதாக வந்தவர்களின் சிரமத்தைப் புதிதாக வந்தவர்களே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டுக்குப் போனபின் எல்லோருடைய மின்னஞ்சலும் வேலை செய்யும், எந்தச் சாளரத்தில் எந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்; அதனாலேயே நீங்கள் எழுப்பும் இந்தப் பிரச்சினையைப் பேரவையில் எவரும் எழுப்புவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பேரவையின் பொதுத் தேர்தல் வசந்தப் பருவத்தில் நடந்து முடிந்துவிடும் என்றாலும், அப்போது வளாகத்துக்கே வந்திராத புதிய மாணவர்களுக்காகச் சில இடங்களை ஒதுக்கிவைத்து, இலையுதிர் பருவத்தில் அவற்றுக்கு மட்டும் தனியாகத் தேர்தல் நடத்துகிறார்கள்.

எதைச் சொல்லி வாக்குக் கேட்பது என்ற கேள்விதான் முக்கியமானது. வாக்குறுதி எழுதுமுன், கடந்த ஆண்டின் பேரவைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் பழைய குறிப்புகளில் நூலக நேரத்தை நீட்டிக்கும் கோரிக்கை கூட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் கீழே "உரிய அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்" என்ற ஒரே வரி எழுதப்பட்டிருந்தது. எந்த அலுவலகம், யார் கொண்டுசெல்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எங்கும் இல்லை. அதன் பிறகு, பொறுப்பாளரின் பெயரும் தேதியும் இல்லாமல் எந்த முடிவையும் குறிப்பில் ஏற்றக் கூடாது என்பதில் நான் விடாப்பிடியாக இருந்தேன். உங்கள் வாக்குறுதியையும் அந்த மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லும்படி எழுதுங்கள்.

உங்கள் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். மாணவரின் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் விண்ணப்பத்தின்போதே சேர்க்கைப் பிரிவின் கைக்கு வந்துவிடுகின்றன. கணக்கைத் திறப்பது கணினி மையம். சுற்றறிக்கையை அனுப்புவது கல்விப் பிரிவு. பெரும்பாலான இடங்களில் இந்த மூன்றும் தனித்தனியாக இயங்குவதால்தான் இடைவெளி உண்டாகிறது. ஆகவே, "தகவல் தொடர்பை மேம்படுத்துவேன்" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, "பல்கலைக்கழகக் கணக்கு திறக்கப்படும்வரை எல்லாச் சுற்றறிக்கைகளும் விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்கும் அனுப்பப்பட வேண்டும், பாடப் பதிவுக்கான கெடு, கணக்கு திறக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை முதல் கூட்டத்திலேயே கொண்டுவருவேன்" என்று சொல்லுங்கள். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. நிர்வாகம் மனம் வைத்தால் ஓர் உத்தரவில் முடிந்துவிடும். கட்டணத்தைக் குறைப்பேன், புதிய விடுதி கட்டவைப்பேன் என்று சொல்பவர்களைவிட உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

அந்த எடை பேரவையின் அதிகார வரம்பையும் பொறுத்தது என்பதால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1918ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் மாணவர்கள் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்துக்குப் பிறகு, லத்தீன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆட்சிக் குழுவிலேயே மாணவர்கள் வாக்குரிமையோடு அமர்கிறார்கள். வேறு பல இடங்களில் மாணவர் பேரவையின் தீர்மானம் வெறும் பரிந்துரைதான். உங்கள் பேரவை எந்த வகை என்று அறியாமல் வாக்குறுதி கொடுத்தால், வென்றபின் உங்களை நம்பியவர்களின் முகத்தைப் பார்ப்பது கடினமாகிவிடும்.

அறிமுகம் இல்லை என்ற கவலையைப் பெரிதாக்க வேண்டாம். முதலாம் ஆண்டில் எவருக்கும் பெரிய அறிமுகம் இருக்காது, உங்களை எதிர்த்து நிற்பவரும் அதே நிலையில்தான் இருப்பார். ஒவ்வொரு வகுப்பிலும் நான்கைந்து பேரிடமாவது, "பாடப் பதிவின்போது உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாக்குக் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பதில்: தேர்தல் அலுவலராகப் பணியாற்றியவர்

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். விதிகளைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் முதலாம் ஆண்டு வேட்பாளர்கள் பெரும்பாலும் இடறுவது அங்கேதான்.

போட்டியிடும் வாய்ப்புகளுக்கு வரம்பு உண்டா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் நடைமுறைப்படுத்த உத்தரவிட்ட லிங்டோ குழுவின் (மாணவர் பேரவைத் தேர்தல்களை ஆராய அமைக்கப்பட்ட குழு) பரிந்துரைகளின்படி, ஒரு மாணவர் நிர்வாகி பதவிக்கு ஒரு முறையும், செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறையும் மட்டுமே போட்டியிட முடியும். வரம்பு போட்டியிடுவதற்குத்தான் என்பதைக் கவனியுங்கள். தோற்றாலும் வாய்ப்பு தீர்ந்தது என்றே அதற்குப் பொருள். அத்தகைய விதி உள்ள இடத்தில் முதலாம் ஆண்டிலேயே இணைச் செயலர் பதவிக்கு நின்றால், பின்னாளில் தலைவர் பதவிக்கு நிற்கும் வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வேறு விதமாக வரம்பு வைக்கிறது: மாணவர் சங்கத்தில் ஊதியத்துடன் கூடிய தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பை ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வகிக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் விதி மாறும் என்பதால், பிறர் சொல்வதை நம்பாமல் உங்கள் பேரவையின் அமைப்பு விதிகளை நீங்களே படிக்க வேண்டும்.

அடுத்தது செலவும் விளம்பரமும். அதே லிங்டோ பரிந்துரைகள் ஒரு வேட்பாளரின் செலவுக்கு 5000 ரூபாய் உச்சவரம்பு விதித்து, அச்சடித்த சுவரொட்டிகளைத் தடைசெய்து, கையால் எழுதியவற்றை மட்டும், அதுவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அனுமதிக்கின்றன. முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் விதி எதுவாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் செலவை எழுதி, ரசீதை அதிலேயே ஒட்டி வையுங்கள்.

வேட்புமனுப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பரிசீலித்த மனுக்களில் தள்ளுபடியானவை பெரும்பாலும் சிறிய காரணங்களுக்காகவே தள்ளுபடியாயின. முன்மொழிந்தவரின் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், அல்லது வழிமொழிந்தவர் வேறு துறையின் வாக்காளர் பட்டியலில் இருப்பார். ஒரு மாணவரின் மனுவில் எல்லாம் சரியாக இருந்தும், வழிமொழிந்த அதே நண்பர் இன்னொரு வேட்பாளருக்கும் கையெழுத்திட்டிருந்ததால், எங்கள் விதிப்படி இரண்டாவதாக வந்த அந்த மனுவைத் தள்ள வேண்டியதாயிற்று. வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். கடைசி நாள்வரை காத்திருக்காமல் கொடுத்துவிட்டால் பிழையைத் திருத்தவாவது நேரம் இருக்கும்.

பதில்: மூன்றாம் ஆண்டு மாணவர்

நான் சற்று மாறுபடுகிறேன். தோழி எழுதியதைப் படித்தால் அவருக்குப் பதவியைவிட அந்தக் காரியம் நடப்பதுதான் முக்கியம் என்று தெரிகிறது. அப்படியானால் தேர்தலில் நிற்பது ஒன்றே வழியாகாது. பல பேரவைகளின் துணைக் குழுக்களில், குறிப்பாகப் புதிய மாணவர் வரவேற்புக் குழுவிலும் கல்விக் குழுவிலும், தேர்ந்தெடுக்கப்படாத மாணவர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் செமஸ்டரில் பாடங்களின் சுமை எவ்வளவு என்பது அக மதிப்பீடுகள் தொடங்கிய பிறகே புரியும். தொடர்ந்து சில கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலியானதாகக் கருதப்படும் என்ற விதியும் பல இடங்களில் இருக்கிறது. அவ்வாறு முதலாம் ஆண்டு இடம் நடுவில் காலியானால், அந்த ஆண்டு மாணவர்கள் அனைவரும் குரலற்றுப் போகிறார்கள். படிப்பு உங்களுக்கு இப்போதே கடினமாக இருக்கிறது என்றால், இந்த ஆண்டு துணைக் குழுவில் வேலை செய்யுங்கள். நேரத்தை ஒதுக்க முடியும் என்ற உறுதி இருந்தால் நில்லுங்கள், நானும் வாழ்த்துகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரவைக் கூட்டங்களின் நாட்களை என் பாட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒதுக்கிவிட முடியும் என்று நம்புகிறேன். முதலாம் ஆண்டுப் பிரதிநிதி இடத்துக்கு மனு கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். எங்கள் விதிகளிலும், ஒருவர் ஒரு வேட்பாளருக்கு மட்டுமே வழிமொழியலாம் என்று இருப்பதைக் கண்டுகொண்டேன்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். என் துறையைச் சேர்ந்த ஒரு நண்பரும் அதே இடத்துக்கு நிற்கிறார், அவரும் நல்லவர், ஏறக்குறைய இதே கோரிக்கையைத்தான் சொல்கிறார். இருவரும் நின்றால் எங்கள் துறையின் வாக்குகள் பிரிந்து, இருவருமே தோற்றுவிடுவோம் என்று வகுப்பில் பேசுகிறார்கள். ஒருவர் விலகிக்கொள்வதுதான் முறையா?

பதில்: தேர்தல் அலுவலராகப் பணியாற்றியவர்

அது வாக்கு எண்ணும் முறையைப் பொறுத்தது. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களித்து, அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும் முறை என்றால் உங்கள் வகுப்பினரின் அச்சம் நியாயமானது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல மாணவர் சங்கங்களில் இருப்பதைப் போல, வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை முறை என்றால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

100 பேர் வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். வேறு துறை வேட்பாளர் 40, நீங்கள் 35, உங்கள் நண்பர் 25 முதல் விருப்ப வாக்குகள் பெறுகிறீர்கள். முதல் முறையில் 40 பெற்றவர் அத்துடன் வென்றுவிடுவார். வரிசை முறையில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், கடைசியில் இருக்கும் உங்கள் நண்பர் நீக்கப்பட்டு, அவருக்கு வந்த 25 வாக்குச் சீட்டுகளின் இரண்டாம் விருப்பம் பார்க்கப்படும். அவற்றில் 20 உங்களுக்கும் 5 மற்றவருக்கும் இருந்தால், நீங்கள் 55, அவர் 45. எனவே இருவரும் நிற்கலாம். தம் ஆதரவாளர்களிடம் மற்றவருக்கு இரண்டாம் விருப்பம் கொடுக்கும்படி இருவருமே வெளிப்படையாகக் கேட்கலாம்.

உங்களிடம் இருப்பது முதல் வகை முறை என்றால், மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டங்களுக்கு நேரம் ஒதுக்கக்கூடியவர் யார், பிற துறைகளிலும் பழக்கம் உள்ளவர் யார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விலகுகிறவருக்குப் பதவியோ வேறு ஆதாயமோ தருவதாகச் சொல்ல வேண்டாம், அது முறைகேடாகவே கொள்ளப்படும். இருவரும் நிற்பதென்று முடிவாகி, ஒரே சுவரொட்டியில் இரு பெயர்களையும் எழுத நினைத்தால் முன்னதாகவே தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், ஏனெனில் சில இடங்களில் கூட்டு விளம்பரத்தின் முழுச் செலவும் இருவர் கணக்கிலும் ஏற்றப்படும்.