'மக் கேக்': கோப்பையா, பேணியா, குவளையா?

அன்பின் குழுவினருக்கு, வணக்கம்.

'மக்' எனும் கைபிடிக் கலத்திலேயே மாவைக் குழைத்து நுண்ணலை (மைக்ரோவேவ்) அடுப்பில் வேகவைக்கும் கேக்கே 'மக் கேக்'. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கு முன்மொழியப்பட்ட 'கோப்பை வெதுப்பி' என்ற தொடரின் இரண்டு பாதிகளும் எனக்கு இடறுகின்றன.

தமிழகத்தில் கோப்பை என்பது தேநீர் குடிக்கும் கலம்; இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியிலோ அது சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. கிளிநொச்சியில் இருக்கும் என் தமக்கையின் மகள் இப்பண்டத்தை அடிக்கடி செய்பவள். அவளிடம் இத்தொடரைச் சொன்னபோது, பீங்கான் 'மக்'கில் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டு, "கோப்பையிலை ஊத்தினால் பரவியெல்லோ போகும், மாமா" என்றாள்.

எங்கள் ஊரில் குடிகலத்துக்கும் தகர டப்பாவுக்கும் வழங்கும் 'பேணி' என்ற சொல்லை வைக்கலாமே என எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூக்குப்பேணி வெண்கலம், பால்மாப்பேணி தகரம். உலோகம் நுண்ணலையைத் தெறிக்கச் செய்யும், மெல்லிய விளிம்புகளில் பொறியும் பறக்கும் என்பதால், சொல்லை நம்பிப் பேணியை அடுப்பினுள் வைப்பவர் ஆபத்தைத் தேடிக்கொள்வார்.

இனி, வெதுப்பி. வெதுப்பகம் (பேக்கரி) என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது நெருக்கமான சொல்தான். ஆயினும் போறணையில் (பேக்கரி அடுப்பில்) வேகும் பாணின் (ரொட்டியின்) மேற்புறம் உலர்ந்து, ஏறத்தாழ 140 பாகை செல்சியசைக் கடந்த பின்னரே நன்கு சிவக்கிறது. நுண்ணலை அடுப்பிலோ மாக்கலவையிலுள்ள நீர் சூடேறி ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்பதால், மேற்புறம் சிவப்பதில்லை, பொருக்கும் கட்டுவதில்லை. செய்முறையால் இது பாணைவிடப் புட்டுக்கே நெருங்கிய உறவு. அதற்காக 'அவியல்' என்றால் தமிழக நண்பர்கள் மரக்கறியைத் தேடுவார்கள்.

ஆகவே, கேக்கிற்கு ஏற்கெனவே வழங்கும் அணிச்சல் என்ற சொல்லோடு குவளையைச் சேர்த்துக் 'குவளையணிச்சல்' என்கிறேன். குளத்தில் பூப்பதும் குவளைதானே என்று கேட்பவர்கள் இருக்கலாம். அதைச் சொக்லேட்டோடு குழப்பிக்கொள்வார் எவருமில்லை.

வரையறையில் அளவுகளும் இடம்பெற வேண்டும். கோதுமை மா 4 மேசைக்கரண்டி, கொக்கோத் தூள் 2, சீனி 2, பால் 3, எண்ணெய் 2, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி. அப்பச்சோடா வேறு பொருள், அதை மாற்றிப் போடக் கூடாது. கலவை பாதிக் குவளைக்கு மேல் போனால் பொங்கி வழியும். 800 வாற்று அடுப்பில் 70 முதல் 90 விநாடி போதும். நடுப்பகுதி சற்று ஈரமாகத் தெரியும்போதே நிறுத்திவிட்டால் எஞ்சிய சூட்டில் அது இறுகிவிடும். நான் இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்தேன், செருப்புத் தோல் கிடைத்தது.

'நுண்ணலை'யில் நுண் எதற்கு என்ற வினாவுக்கும் விடை எழுதிவிடுகிறேன். வீட்டு அடுப்பின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர், அதாவது அரைச் சாணுக்குச் சற்றே கூடுதல். வானொலியின் நீண்ட அலைகளோடு ஒப்பிட்டே அது நுண்மை. பழகிவிட்ட அந்தச் சொல்லைத் தொட வேண்டாம்.

மாற்றுக்கருத்து இருப்பின், குவளையைப் பற்றியதா அணிச்சலைப் பற்றியதா என்று பிரித்து எழுதுங்கள்.