மலிவு விலைப் பெருங்கடைகள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கொருக்குப்பேட்டை மகன்:
மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறிய 15ஆம் தேதி மாலை, அம்மாவை ஒரு மலிவு விலைப் பெருங்கடைக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனுக்குத்தான் தள்ளுபடி. பில் தொகை கையிலிருந்ததைத் தாண்டியதும், அம்மா கேனை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அரை லிட்டர் பாக்கெட்டுக்கும் அதே விலைக்குறைப்பு உண்டா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றதும், கேனின் கைப்பிடியை உடனே விடாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். மலிவு என்னவோ உண்மைதான். மொத்தமாகப் பணம் வைத்திருப்பவருக்கே அது கிடைக்கிறது.

காசிமேட்டுப் பெண்:
எங்கள் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாளும் அண்ணாச்சி கடை நோட்டில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அங்கே பருப்பு கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஒருமுறை நான் பெரிய கடைப் பையோடு அவர் கடையைக் கடந்தேன். அவர் பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தேயிலை கேட்டதும் வழக்கம்போல் நோட்டைப் பிரித்தார். அந்த மௌனத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

முன்னாள் விற்பனைப் பெண்:
மகனே, அந்த பில் மேசையில் இருந்த பெண்ணும் நம் தெருப் பெண்ணாகத்தான் இருப்பாள். நானும் அப்படியொரு கடையில் நின்றவள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்த பிறகு எங்களுக்கு முக்காலி போட்டார்கள். ஆனால் அது தூணுக்குப் பின்னால் இருந்தது, போய் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆயினும் என் பெயரில் பி.எஃப். பிடித்ததும், இ.எஸ்.ஐ. அட்டை கொடுத்ததும் அங்கேதான். அதற்கு முன் வேலை பார்த்த சின்னக் கடையில் இரண்டும் இல்லை.

வியாசர்பாடி வாசகர்:
காசிமேட்டுச் சகோதரி அண்ணாச்சியைத் தெய்வமாக்க வேண்டாம். எங்கள் தெருக் கடையில் வாங்கிய ஒரு கிலோ சர்க்கரையை வீட்டுத் தராசில் வைத்தபோது 60 கிராம் குறைந்தது. கடனில் வாங்குகிறவர் அதைக் கேட்கவும் முடியாது. என் யோசனை இதுதான். முதலில் ரேஷனை விடாதீர்கள்: அரிசி விலையில்லாமலும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறெங்கும் கிடைக்காது, இந்த மாதம் சரக்கு வரவில்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டு வைத்து, மறுபடியும் போய் நில்லுங்கள். அதற்கு மேல் தேவைப்படுவதற்கு, பாக்கெட்டில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு, மில்லிக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று அச்சிட்டிருப்பதைப் படித்து ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட் எல்லாமே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். பெருங்கடைக்குப் போவதானால் நான்கு வீட்டார் பணம் போட்டு ஒரு கேன் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை மகன்:
ஐயா, ரேஷன் பாமாயில் மாதம் ஒரு லிட்டர்தான். எங்கள் வீட்டில் ஆறு பேர். நான்கு வீட்டிலும் ஒரே நாளில் கையில் பணம் இருப்பதும் இல்லை. எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்குச் சனிக்கிழமை கூலி, இன்னொருவருக்கு அன்றாடக் கூலி, அடுத்தவருக்கு மாதச் சம்பளம். நேற்று மாலையும் அம்மா இருபது ரூபாயை நீட்டி, கிண்ணத்தில் எண்ணெய் அளந்து வாங்கி வந்தார்.