வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி (வேலூர் வாசகர்):
எங்கள் வளர்ப்புப் பராமரிப்பில் (தத்து எடுக்காமல் தற்காலிகமாக வளர்க்கும் ஏற்பாடு) இருக்கும் பெண் குழந்தைக்கு ஒன்பது வயது. வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. எனக்கு 58, மனைவிக்கு 50. கல்லூரியில் படிக்கும் மகன் ஒருவன். குழந்தையின் அம்மா உயிரோடு இருக்கிறார், ஆனால் வந்து பார்ப்பதே இல்லை. அவரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினாலே போதும் என்கிறார்கள். சரியா? அல்லது இப்படியே பராமரிப்பாகத் தொடரலாமா?

சட்டத்தோழி:
முத்திரைத்தாளை மறந்துவிடுங்கள் சார். நோட்டரி கையெழுத்து இருந்தாலும் அது தத்து ஆகாது. முறைப்படி இல்லாமல் குழந்தையைத் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம் என்று இருக்கிறது.

குழந்தைகள் நலக் குழு அவளை ‘சட்டப்படி தத்துக்கு உரியவள்’ என்று அறிவித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் மற்ற எதுவும் நகராது. அம்மா குழு முன் வந்து ஒப்படைப்புப் பத்திரம் எழுதித் தர வேண்டும். மனம் மாற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அவர் வராவிட்டால், வளர்க்கத் தகுதியற்றவர் என்று குழுவே விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அறிவிப்புக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் வேண்டும். குழுவில் இடம் காலியாக இருந்தால் கோப்பு அங்கேயே தூங்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கோப்புக்காரன்:
வயதைக் கவனியுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110ஐத் தாண்டக்கூடாது. உங்களுக்கு இப்போது 108. ஒவ்வொரு வருஷமும் இரண்டு கூடும் என்பதால் தள்ளிப்போட இடமில்லை.

பராமரிப்பில் ஐந்து வருஷம் இருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது பழைய கணக்கு; 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் அதை இரண்டாகக் குறைத்துவிட்டன. பிறகு காரா (மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்) தளத்தில் பதிவு, வீட்டாய்வு அறிக்கை, கடைசியில் மாவட்ட ஆட்சியர் ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆட்சியர் இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். மனு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணம்தான்: குழுவின் ஆணை, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. அதை முதலில் சரி செய்யுங்கள்.

வேலூர் வாசகர்:
நன்றி. குழந்தையிடமும் கேட்பார்களா? எங்கள் மகன் இதில் வருவானா?

அன்புக்கரை:
ஐந்து வயது தாண்டிய குழந்தையின் கருத்தைக் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், சமூகப் பணியாளருக்கு உடனே தெரிந்துவிடும். அம்மா திரும்பி வருவார் என்று அவள் காத்திருந்தால், முதலில் ஆலோசகரிடம் பேச வையுங்கள்.

பராமரிப்பு பொதுவாக 18 வயதோடு முடியும். உயில் எழுதாவிட்டால் உங்கள் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை. தத்தெடுத்தால் மகனுக்குள்ள உரிமை அனைத்தும் அவளுக்கும் வரும், பெற்றவர்களோடு சட்ட உறவு அறும். மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்கும். ஆகவே மகனிடம் சொத்தைப் பற்றி இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள். அவளுக்கு அண்ணன் தம்பி யாராவது குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறார்களா என்றும் அலகில் விசாரியுங்கள். இருந்தால் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்ற கேள்வி எழும். அந்தப் பதிலை வைத்துத்தான் பதிவு செய்வதா என்று முடிவெடுக்க முடியும்.