பயிரெச்சக் கூட்டுப்பொருள்: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

வைக்கோல், உமி, தண்டு போன்றவற்றைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தானுந்து உறுப்புகளுக்காகச் செய்யப்படும் பொருளுக்கு, முந்தைய மடலில் 'உயிரிக் கலவை' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருந்தது. சொல் எளிமையானதுதான், ஆயினும் அதன் இரண்டு பகுதிகளுமே எனக்கு நெருடுகின்றன.

முதலில் 'கலவை'. உப்பும் மணலும் சேர்ந்தால் கலவை. அவற்றில் எது எதைத் தாங்குகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. இங்கோ நார் சுமையைத் தாங்குகிறது, பிளாஸ்டிக் நாரைப் பிடித்து நிறுத்தி அந்தச் சுமையை ஒரு நாரிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. வைக்கோலைச் சேற்றோடு மிதித்துச் சுவர் எழுப்பியவர்கள் அறிந்திருந்ததும் இதே வேலைப்பிரிவினைதான். எனவே 'கூட்டுப்பொருள்' என்பதே பொருந்தும்.

'உயிரி' இன்னும் சிக்கலானது. 2010ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு ஃபிளெக்ஸ் காரின் சிறு சேமிப்புப் பெட்டிகளில் கோதுமை வைக்கோல் 20 விழுக்காடு சேர்க்கப்பட்டது. அதைப் பிடித்து நிறுத்திய பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் பெட்ரோலிய வழிப் பொருளே. ஐந்தில் ஒரு பங்குக்காக முழுப் பொருளையும் 'உயிரி' என்றழைப்பது விளம்பரத்துக்கு உதவலாம், கலைச்சொல்லுக்கு உதவாது.

'உயிரி'க்குப் பதிலாகக் 'கழிவு' என்று தொடங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காருக்கு, ஆலைகளில் ஒதுங்கிய பருத்திக் கழிவைப் பீனால் பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி மேலுடல் தகடுகள் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை உற்பத்தியான ஒரு வண்டியின் மேனியாகவே ஆகிவிட்ட பொருளை இன்னமும் கழிவு என்பானேன்? 'சக்கை' நல்ல தமிழ்ச்சொல். ஆனால் சாறு பிழிந்தபின் மிஞ்சுவதையே அது குறிக்கும், வைக்கோலுக்கும் உமிக்கும் பொருந்தாது. ஆகவே 'பயிரெச்சம்' என்கிறேன். பறவையின் எச்சம் நினைவுக்கு வருமே என்பவர்களுக்கு, இலக்கணத்தில் பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடிவதுபோல இந்த எச்சமும் பிசினைக் கொண்டு முடிகிறது என்று விடை கூறலாம். ஒலிப்பொருத்தம் தற்செயலானது, ஆனால் மனத்தில் நிற்கும்.

உடன் வரவேண்டிய சொற்களும் உண்டு. தூளாக அரைத்துச் சேர்த்தால் அது பெரும்பாலும் இடத்தையே நிரப்புகிறது. நீண்ட நாராகச் சேர்த்தால்தான் வலுவூட்டுகிறது. ஆகவே 'நிரப்பி', 'வலுவூட்டி' ஆகிய இரண்டையும் பிரித்தே ஆளவேண்டும். நாரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை ஆங்கிலத்தில் 'மேட்ரிக்ஸ்' என்பார்கள்; அதற்குக் கணிதத்தின் 'அணி' வேண்டாம், 'பிணைபொருள்' போதும். தாவர நார் நீரை விரும்புவது, பாலிபுரோப்பிலீன் நீரை விலக்குவது. இரண்டும் ஒட்டாமல் போனால் விசை கடத்தப்படாது, உறுப்பு எளிதில் உடைந்துவிடும். அவற்றுக்கிடையே உறவு ஏற்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருளை 'இடையிணைப்பி' எனலாம். ஏறத்தாழ 200 செல்சியசைத் தாண்டினால் நார் சிதையத் தொடங்குவதால், உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக்குகளில் அதற்குக் கீழே உருகுபவையே இதற்கு ஏற்றவை என்பதையும் வரையறைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். உமிச் சாம்பலிலிருந்து எடுக்கும் சிலிக்காவை டயர் ரப்பரில் சேர்க்கிறார்கள்; மூலம் பயிரெச்சமே என்றாலும் அங்கே நார் எரிந்து போய்விட்டதால், அதை இந்தத் தலைப்பின் கீழ் நான் கொண்டுவர மாட்டேன். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இயற்கைப் பொருளான லிக்னின், காகித ஆலைகளில் மரக்கூழ் பிரித்தபின் தங்குகிறது; அது வேறு வகைச் சிக்கல். அதிலிருந்து கார்பன் இழை செய்யும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் மரத்தைப் பயிர் என்று எல்லோரும் ஏற்கமாட்டார்கள். 'தாவர எச்சம்' என்று விரித்தால் லிக்னினும் அடங்கும், எனினும் சொல்லின் கூர்மை மழுங்கும். நான் 'பயிரெச்ச'த்தின் பக்கமே நிற்கிறேன். லிக்னினுக்குத் தனிச்சொல் தேவை என்று கருதுபவர்கள் முன்மொழியுங்கள்.