பழைய ஹாலிவுட் படங்களின் புகழ்பெற்ற காட்சிகளைத் தனியாகப் பார்த்தால் போதுமா?

மாலைக்காட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1930 முதல் 1960 வரை வெளிவந்த ஹாலிவுட் படங்களைச் சில மாதங்களாக ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், இரண்டு மணி நேரம் ஓடும் படத்தில் எல்லோரும் பேசுவது எப்படியும் ஒரே ஒரு காட்சியைத்தான், அதை மட்டும் யூடியூபில் பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்கிறார். அவர் சொன்னாரே என்று, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் மருந்து தெளிக்கும் விமானம் கேரி கிராண்டை வெட்டவெளியில் விரட்டும் காட்சியைத் தனியாகப் பார்த்தேன். கதை எதுவும் தெரியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அப்படியானால் நண்பர் சொல்வது சரிதானா? இத்தகைய காட்சிகளின் வலிமை அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது அதற்கு முன்னால் படம் செய்துவைத்த வேலையில் இருக்கிறதா? பட்டியல் வேண்டாம். நீங்கள் நன்கு அறிந்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு விளக்கினால் மகிழ்வேன்.

வெட்டும் ஒட்டும் எழுதியது:

நீங்கள் பார்த்தது உங்கள் நண்பரின் கட்சிக்குச் சாதகமான காட்சி என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கு இருட்டுத் தெருவையும் மழை ஈரத்தையும் காட்டுவது தேய்ந்துபோன வழக்கம் என்பதால்தான் பட்டப்பகலையும் ஒளிய இடமில்லாத சமவெளியையும் தேர்ந்தெடுத்ததாக, பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடனான புகழ்பெற்ற நேர்காணலில் ஹிட்ச்காக் கூறியிருக்கிறார். கதைப்படி இடம் இந்தியானா, படம்பிடித்தது கலிபோர்னியாவில். பேருந்து வந்து தார்ன்ஹில்லை (கேரி கிராண்டின் பாத்திரம்) இறக்கிவிட்டுப் போகிறது. வண்டிகள் வருகின்றன, நிற்காமல் போகின்றன. லாரி ஒன்று புழுதியை வாரி அவருடைய சாம்பல் நிறக் கோட்டின்மேல் இறைத்துவிட்டுப் போகிறது. பிறகு ஒரு கார் வந்து ஒரு மனிதரை எதிர்ப்பக்கம் இறக்கிவிட, இருவரும் சாலையின் இரு ஓரங்களிலும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். பேருந்து ஏறுவதற்குச் சற்று முன்பு அந்த மனிதர், பயிரே இல்லாத இடத்தில் அந்த விமானம் மருந்து தெளிக்கிறதே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். இவ்வளவு நேரமும் பின்னணி இசை கிடையாது. பெர்னார்ட் ஹெர்மனைப் போன்ற ஓர் இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, விமானம் எண்ணெய் லாரியில் மோதித் தீப்பற்றும் வரை வெறும் எஞ்சின் இரைச்சலையும் காலடி ஓசையையும் நம்பியே காட்சியை நடத்தியிருக்கிறார்கள்.

இவை அனைத்தும் துணுக்கிலும் கிடைக்கும். ஒன்று மட்டும் கிடைக்காது. தார்ன்ஹில் அங்கே காத்திருப்பது கேப்லன் என்பவருக்காக. கேப்லன் என்று ஒருவர் இல்லவே இல்லை, அது உளவுத்துறை கட்டிவிட்ட பெயர் என்பதும், தார்ன்ஹில்லை அங்கே அனுப்பிவைத்த ஈவ் எதிரிக் கூட்டத்தோடு தொடர்புடையவள் என்பதும் முழுப்படம் பார்ப்பவருக்கு முன்பே தெரியும், தார்ன்ஹில்லுக்குத் தெரியாது. துணுக்கைப் பார்ப்பவர் யார் வரப்போகிறார்கள் என்ற ஆவலோடு காத்திருக்கிறார். படத்தைப் பார்ப்பவரோ, வரவேண்டியவர் வரமாட்டார் என்று தெரிந்தே காத்திருக்கிறார். தொலைவில் ஒவ்வொரு வண்டி தென்படும்போதும் வயிற்றைக் கலக்குவது இரண்டாமவருக்குத்தான்.

ஒற்றைச்சுருள் எழுதியது:

மறுக்கவில்லை. ஆயினும் எல்லாக் காட்சிகளுக்கும் இது பொருந்தாது. ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கக் காட்சிக்கு முன்னால் படமே இல்லையே! ஒரு கை வெடிகுண்டில் நேரத்தைத் திருகிவைக்கிறது, குண்டு காரின் பின்பெட்டிக்குள் போகிறது, கேமரா மேலெழும்பி அந்தக் காரையும் பக்கத்தில் நடந்து வரும் புதுமணத் தம்பதியையும் மாறி மாறித் தொடர்ந்தபடி மூன்று நிமிடங்களுக்கும் மேலாக ஒரே ஷாட்டாக அமெரிக்க-மெக்சிகோ எல்லையைக் கடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், படநிறுவனம் இதன்மேல் பெயர்ப் பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டு வெளியிட்டது. வெல்ஸ் எழுதிவைத்த நீண்ட குறிப்பின்படி 1998இல் மறுபடி தொகுக்கப்பட்ட வடிவத்தில்தான் அவை நீக்கப்பட்டு, தெருவோரக் கடைகளிலிருந்து ஒழுகிவரும் பாட்டுகள் மட்டும் கேட்கும்படி ஆயிற்று. துணுக்காகப் பார்த்தாலும் பரவாயில்லை, இந்த வடிவத்தைத் தேடிப் பாருங்கள்.

கருப்புவெள்ளை எழுதியது:

'காசாபிளாங்கா' (1942) படத்தில் ரிக்கின் மதுவிடுதியில் பிரெஞ்சு தேசிய கீதம் பாடப்படும் காட்சியைச் சொல்கிறேன். ஜெர்மன் அதிகாரி மேஜர் ஸ்ட்ராசரின் ஆட்கள் பியானோவைச் சுற்றி நின்று ஜெர்மன் தேசபக்திப் பாடலொன்றை உரக்கப் பாடுகிறார்கள். நாஜி எதிர்ப்புத் தலைவன் விக்டர் லாஸ்லோ விறுவிறுவென்று இறங்கி வந்து, வாத்தியக் குழுவை 'லா மார்செய்யேஸ்' வாசிக்கச் சொல்கிறான். அவர்கள் உடனே வாசிப்பதில்லை. முதலாளியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ரிக்காக நடிக்கும் ஹம்ஃப்ரி போகார்ட் தலையை இலேசாக அசைக்கிறார். அவ்வளவுதான் அவருடைய நடிப்பு. அதன்பின் விடுதியே எழுந்து பாடுகிறது.

துணுக்கில் பார்த்தால் இது எழுச்சியூட்டும் பாடல் காட்சி. படத்தில் பார்த்தால் அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. யாருக்காகவும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ரிக், சற்று முன்புதான் ஒரு பல்கேரிய இளம் தம்பதியைச் சூதாட்ட மேசையில் வேண்டுமென்றே ஜெயிக்கவைத்திருக்கிறான். அதற்கடுத்து மாடியறையில், தப்பிச் செல்வதற்கான பயணக் கடிதங்களைக் கேட்டு வந்த லாஸ்லோவிடம் தரமுடியாது என்கிறான். காரணம் கேட்டதற்கு, உன் மனைவியைக் கேள் (அவள் ரிக்கின் பழைய காதலி) என்று விஷம் தோய்ந்த ஒரு பதிலைச் சொல்கிறான். அந்தச் சொல்லின் சூடு ஆறுவதற்குள் கீழேயிருந்து பாட்டு கேட்கிறது. ஆகவே தலையசைக்கும்போது, தான் பொறாமைப்படும் மனிதனுக்கே தன் விடுதியை ஒரு பாட்டு நேரத்துக்கு ரிக் விட்டுக்கொடுக்கிறான். இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் இதை எவர் வாயாலும் விளக்கவிடாமல் விட்டதற்கே அவரைக் கும்பிடலாம்.

திரைக்கு வெளியிலும் ஒன்று உண்டு. கண்ணீரோடு பாடும் இவோன் பாத்திரத்தில் நடித்த மாதலீன் லெபோ, 1940இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது கணவர் மார்செல் தாலியோவுடன் லிஸ்பன் வழியாகத் தப்பி வந்தவர். கதையில் எல்லோரும் போய்ச்சேரத் துடிக்கும் ஊரும் லிஸ்பன்தான். அந்தத் தாலியோவும் இதே படத்தில் சூதாட்ட மேசைப் பணியாளராக வருகிறார். பாட்டு முடிந்ததும், இங்கே சூதாட்டம் நடக்கிறதா என்று அதிர்ச்சியடைந்ததுபோல் பாவனை செய்து விடுதியை மூட உத்தரவிடும் காவல் தலைவர் ரெனோவின் கையில், நீங்கள் ஜெயித்த பணம் என்று நோட்டுகளை வைப்பவர் அவர்தான்.

ஒற்றைச்சுருள் எழுதியது:

அப்படியானால் உங்கள் வாதப்படியே, அந்தக் கண்ணீர் நடிகையின் வாழ்விலிருந்து வந்தது. அதை உணர முழுப்படம் எதற்கு?

கருப்புவெள்ளை எழுதியது:

இவோன் அன்று மாலை விடுதிக்குள் ஒரு ஜெர்மன் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் என்பதைத் துணுக்கு சொல்லாது. அது தெரியாவிட்டால் அந்தக் கண்ணீரில் கலந்திருக்கும் வெட்கம் தெரியாது.

பூக்காரத்தெரு எழுதியது:

துணுக்காகப் பார்க்கவே கூடாத காட்சி ஒன்று உண்டென்றால் அது 'சிட்டி லைட்ஸ்' படத்தின் முடிவு. பேசும் படங்கள் வந்து ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த 1931இல், இசையையும் சில ஒலிகளையும் மட்டும் சேர்த்துக்கொண்டு சாப்ளின் பிடிவாதமாக எடுத்த ஊமைப்படம். முதல் சந்திப்பில், போக்குவரத்துக் காவலரிடமிருந்து நழுவுவதற்காக நிற்கும் ஒரு காருக்குள் ஏறி மறுபக்கம் இறங்குகிறார் சாப்ளின் நடிக்கும் நாடோடி. கார்க் கதவு சாத்தும் ஓசையைக் கேட்ட பார்வையற்ற பூக்காரப் பெண் அவரைப் பணக்காரர் என்று நினைத்துவிடுகிறாள். அவர் தன்னிடமிருந்த காசைக் கொடுத்து ஒரு பூ வாங்குகிறார். ஊமைப்படத்தில் ஓர் ஓசையைப் பார்வையாளருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற சிக்கலோடு மல்லாடித்தான் சாப்ளின் இந்தச் சிறு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்.

முடிவில், நாடோடி தேடிக்கொடுத்த பணத்தால் அவளுக்குப் பார்வை வந்துவிட்டது. சொந்தமாகக் கடையும் இருக்கிறது. காரில் வந்திறங்கும் கனவான் ஒருவர் பூ வாங்க நுழையும்போது, தனக்கு உதவியவர் இவர்தானோ என்று அவள் முகம் ஒரு நொடி மலர்ந்து வாடுகிறது. சிறையிலிருந்து வந்த நாடோடி, கிழிந்த உடையோடு, குப்பையோடு கிடக்கும் பூவை எடுக்கிறார். அவள் சிரிக்கிறாள், இரக்கப்பட்டு ஒரு புதுப் பூவையும் ஒரு காசையும் நீட்டுகிறாள். காசைக் கையில் வைத்து அழுத்தும்போது அவள் விரல்கள்தான் அவரை அடையாளம் காண்கின்றன. அதே காசு, அதே பூ, கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறிவிட்டார்கள். முதல் சந்திப்பைப் பார்க்காதவருக்கு இது ஒரு பிச்சைக்காரருக்குக் காசு போடும் காட்சியாகத்தான் தெரியும்.

மாலைக்காட்சி எழுதியது:

மிக்க நன்றி. நண்பருக்கு இந்த இழையையே அனுப்பிவிட்டேன். துணுக்காகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்று சொல்லத்தக்க காட்சி வேறு ஏதேனும் உண்டா? இந்த வார இறுதியில் அவரையும் உட்காரவைத்துப் பார்க்க எண்ணம்.

வெட்டும் ஒட்டும் எழுதியது:

வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946). மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த படம். போரிலிருந்து ஊர் திரும்பும் மூவரின் கதை. ஒரு மதுக்கடையில், இரண்டு கைகளையும் இழந்த ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசித்துக் காட்டுகிறான். பக்கத்தில் மூவரில் இன்னொருவரான ஆல் நின்று ரசிக்கிறார். வெகு தொலைவில், கடையின் கோடியில் இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்குள் மூன்றாமவனான ஃபிரெட் யாருடனோ பேசுகிறான். என்ன பேசுகிறான் என்பது நமக்குக் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. ஆலின் மகளோடு உறவை முறித்துக்கொள்ள அவரே வற்புறுத்தியதால்தான் அவளை அழைத்திருக்கிறான். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் பியானோவும் கூண்டும் ஒரே சட்டகத்தில் துல்லியமாக இருக்க, ஆல் மட்டும் வாசிப்பிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிக் கூண்டைப் பார்க்கிறார். அந்தப் பார்வையோடு நம் பார்வையும் போகிறது. பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பசான் வியந்து எழுதிய காட்சி இது. ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல், 1944இல் ராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் உண்மையிலேயே கைகளை இழந்தவர்.

ஒரே ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் பார்க்காதீர்கள்; அந்தச் சிறு திரையில் கூண்டுக்குள் ஆள் இருப்பதே தெரியாது.