கிளட்சா, கியர்பொக்ஸா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய 800 சிசி மனுவல் கார், கேபிள் கிளட்ச். காலையில் திருகோணமலை உப்புவெளியில் இருந்து கிளம்பும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. டவுன் நெரிசலில் அரை மணித்தியாலம் ஓடிச் சூடானால் முதலாம் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று பல் உரசுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் சொன்னபடி விழுகிறது. அதனால் கியர்பொக்ஸில் பிழை இல்லை, கிளட்ச்தான் முழுதாக விடுபடவில்லை என்று நினைக்கிறேன்.

போன கிழமை கேபிளை நானே கொஞ்சம் இறுக்கினேன். கியர் சுகமாக விழுந்தது. ஆனால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் ஏறுவதாக இல்லை. கருகிய மணம் வேறு. (பின் சீட்டில் இருந்த மாமி "தம்பி, என்ன எரியுது?" என்று கேட்டபடியே வந்தார்.) திரும்பத் தளர்த்தினால் பழைய கதைதான்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் ஒரு கீச்சுச் சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அது ரிலீஸ் பெயரிங் (பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பெயரிங்) தானே?

ஒரு மெக்கானிக் கியர் ஒயில் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் கியர்பொக்ஸை இறக்கச் சொல்கிறார். சரி, இறக்குவது என்றால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றத்தான் யோசனை. இரண்டு தரம் கூலி கொடுக்க ஏலாது. ஃப்ளைவீலையும் (எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் ஒட்டும் சக்கரம்) கடைசல் பிடிக்க வேண்டுமா? கிளட்ச் செட் திருகோணமலையிலேயே நல்லதாகக் கிடைக்குமா, உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டுமா?