தரைத் தகட்டுக்குள் சுற்றும் நட்டு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பாடியைப் பிரிப்பது எப்படி?

அலங்காநல்லூர்க்காரன்:

அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மறுபடி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். இரண்டு கதவுள்ள பழைய கார். மண்டபம் ஊரில் சித்தப்பா வீட்டு வாசலில் வருடக்கணக்காகக் கடல் காற்றில் நின்றது. இப்போது எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறது. பானெட், கதவுகள், கூரை எல்லாம் கழற்றியாயிற்று. பாடியைச் சேசிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) பிரிப்பதில்தான் சிக்கல். கம்பளத்தை உரித்து, அதன் கீழிருந்த தாரைச் சுரண்டிய பிறகுதான் போல்ட் தலைகளே கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்றில் தலை மழுங்கிவிட்டது. இன்னொன்றில் ஸ்பேனர் சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் போல்ட் மேலே ஏறி வரவில்லை. உள்ளே நட்டும் கூடவே சுற்றுகிறது போலிருக்கிறது. அடியிலிருந்து கை நுழைய வழியில்லை. பட்டறையில் கேட்டால், தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துவிடலாம் என்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

வில்லாபுரம் ஜீப்:

மண்ணெண்ணெய் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். பிறகு ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டி ஒரே இழுப்பு. என் ஜீப்பில் எல்லாமே அப்படித்தான் வந்தன.

திருமங்கலம் டிங்கர்:

குழாயைத் தூரப் போடுங்கள். ஜீப்பின் தடித்த போல்ட்டுக்கு அது சரி. இங்கே இருப்பது 1/4 அங்குலமும் 5/16 அங்குலமும். குழாய் மாட்டி இழுத்தால் ஒன்று போல்ட் முறியும், இல்லையென்றால் நட்டைப் பிடித்திருக்கும் கூண்டு பிய்யும்.

தம்பி, தலை மழுங்கியது 13 மி.மீ. ஸ்பேனரால்தானே? 5/16 போல்ட்டின் தலை 1/2 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 12 நுழையாது, 13 ஆடும். ஆடுகிற ஸ்பேனர் முனைகளை வழித்துவிடும். 1/4 போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர். இந்த இரண்டு அளவிலும் ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர் வாங்காமல் இனி ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

தகட்டை வெட்டச் சொன்னவருக்கு இந்த வண்டியின் பிறப்பு தெரியாது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. முழுப் பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டி, 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டை வெளியிட்டார்கள். 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் கட்டிய வண்டியும் அதே அமைப்புதான். கழற்றுவதற்கென்றே செய்த வண்டியை எதற்கு வெட்டவேண்டும்?

சுற்றுகிற நட்டுக்கு வருகிறேன். தகட்டில் பொருத்திய மெல்லிய கூண்டுக்குள் நட்டு உட்கார்ந்திருக்கும். துரு கூண்டைத் தின்றுவிட்டால் பிடிமானம் போய்விடும். போல்ட் தலைக்கு அடியில் தட்டைத் திருப்புளியின் நுனியைக் கொடுத்து, மேல்நோக்கி நெம்பிக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். நட்டு தகட்டின் அடியில் அழுந்தி உராயும். பல சமயம் அந்த உராய்வே போதும். அதற்கும் அசையாவிட்டால் தலையைத் தியாகம் செய்யுங்கள். வைஸ் பிளையரால் தலையை இறுகப் பிடித்தால்தான் ட்ரில்லோடு சேர்ந்து சுற்றாது. நட்டநடுவில் பஞ்ச் குத்தி, முதலில் சிறிய பிட், பிறகு போல்ட் தண்டின் அளவுக்குப் பிட். தலை வளையமாகக் கழன்று பிட்டோடு வந்துவிடும். மிச்சத் தண்டு கீழேயே கிடக்கட்டும். பாடியைத் தூக்கத் தலை போனால் போதும். மற்றதை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். போல்ட்டுக்கு எத்தனை ரூபாய், அசல் தரைத் தகட்டுக்கு எங்கே போவீர்கள்?

மழுங்கிய தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங்கால் நிரப்புங்கள். பாதி வேலையை அந்தச் சூடே செய்துவிடும். சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியைப் போல்ட் தலையின் அடியில் தொட்டுக்காட்டுங்கள். உருகிய மெழுகு மரைக்குள் தானாக இழுபடும். ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம். முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் ஜெயித்தீர்கள்.

இன்னொன்று. கூரையையும் கதவுகளையும் கழற்றியிருக்கிறீர்கள். இரண்டு கதவு வாசல்களிலும் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பூட்டாமல் பாடியைத் தூக்கினால், நடுவில் தொய்ந்து விடும். பிறகு எந்தக் கதவும் சேராது.

அலங்காநல்லூர்க்காரன்:

13 ஸ்பேனர்தான் ஐயா, நேரில் பார்த்தது போலச் சொல்கிறீர்கள். வெல்டிங் வைக்கப் பயமாக இருக்கிறது, டேங்க் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. அசிட்டோனும் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்து ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யலாமா?

திருமங்கலம் டிங்கர்:

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், பாதிக்குப் பாதி. மண்ணெண்ணெயைவிட நன்றாக இறங்கும். நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விடவேண்டும். ஆனால் அது தீயைப் பார்த்தாலே பற்றும். ஊற்றிய இடத்தில் அன்றைக்கு வெல்டிங் கூடாது. டேங்க்கை முதலில் இறக்கி, கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். கூரை ஓலையா, தகரமா?

அலங்காநல்லூர்க்காரன்:

ஓலை.

திருமங்கலம் டிங்கர்:

அப்படியானால் வண்டியை வெளியே தள்ளிவிட்டுச் சூடு வையுங்கள், பக்கத்தில் ஈரச் சாக்கு இருக்கட்டும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள பேக்கிங் துண்டுகள் எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். கதவு இடைவெளி அவற்றை நம்பித்தான் இருக்கிறது. திரும்பப் பூட்டும்போது யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) போல்ட்டே வாங்குங்கள், மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து ஏற்றவேண்டாம். மரையில் செம்பு கிரீஸ் தடவுங்கள்.